திருகோணமலைக்கு நாலு நாள்: முதல்தடவை வருகிறவர்களுக்கு

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். வரைபடத்தை விரித்து, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒழுங்கில் இடங்களைக் கோர்த்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். திருகோணமலையில் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. நிலாவெளிக் கடற்கரை 15 கிலோமீற்றர் அளவு, கன்னியா வெந்நீர் ஊற்று 8, கோணேசர் கோயில் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது மணிக்கூடு. காலை ஏழு மணிக்குக் குளம் மாதிரிக் கிடக்கிற கடல் பதினொரு மணிக்கு ஆளைத் தூக்கிப் போடும். மாலையில் காற்று வாங்க ஏற்ற கோயில் மலை, நண்பகலில் வெறுங்காலோடு நின்றால் தோசைக்கல்.

நானும் இதைப் பட்டுத்தான் படித்தேன். பதினைந்து வருடமாகச் சொந்தக்காரர்கள், அவர்களின் சொந்தக்காரர்கள், சென்னையிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வருகிற சிநேகிதர்கள் என்று ஆட்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கரையோரத்தைச் சுற்றுகிறேன். முதன்முதல் கூட்டிப்போன குழுவை ஓர் ஆகஸ்ட் மாதம், ஆறுதலாகக் காலைச் சாப்பாடு முடித்து, பதினொன்றரைக்கு, நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் படகில் ஏற்றினேன். போகும்போது காற்று முதுகுப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது அதே காற்று எதிரே. அலை ஒவ்வொன்றும் முகத்தில் அறைந்தது. சின்னம்மா வாந்தி எடுத்தா. மாமாவின் போன் உப்புத்தண்ணீரில் ஊறிச் செத்தது. படகுக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டு, "இனிமேல் விடியவே வாங்கோ தம்பி" என்றார். அதற்குப் பிறகு என் பயணத் திட்டம் எல்லாமே அந்தச் சொல்லை வைத்துத்தான்.

எந்த மாதம்

இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளின் பருவக் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. அங்கே மழை கொட்டுகிற மே, ஜூன் மாதங்களில் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். சித்திரைப் புத்தாண்டு தொடங்கி செப்டம்பர் முடியும்வரை எங்கள் சீசன். ஒக்டோபர் பிற்பகுதியில் வாடைக் காற்று தொடங்கிவிட்டால் தை மாதம்வரை கடல் கலங்கல்தான். படகுகள் கரையேறிவிடும், மழை பிடித்தால் நாள்கணக்கில் விடாது. பெப்ரவரியும் மார்ச்சும் நடுத்தரம்: ஊர் பச்சையாக இருக்கும், வெயில் மிதம், கூட்டம் இல்லை, ஆனால் கடல் எந்த நாள் இடம் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. கோயிலுக்காகவே வருகிறீர்கள் என்றால் சிவராத்திரியைப் பார்த்து வாருங்கள். அதையடுத்து கோணேசப் பெருமான் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவார். வீதிக்கு வீதி நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று. (நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். "கச்சான் தொடங்கிட்டுது" என்று யாராவது சொன்னால் கடலை வியாபாரம் என்று நினைத்துவிடாதீர்கள்.) மேற்கிலிருந்து, காட்டையும் வயலையும் தாண்டிச் சூடாக வருகிற காற்று. காலை பத்து மணிக்கு மேல் வேகம் பிடிக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரத்தில் அலை குறைவாகத் தெரியும். அதுதான் ஏமாற்று. காற்றடித்த ரப்பர் வளையத்தில் மிதக்கிற பிள்ளையை அது சத்தமில்லாமல் வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கச்சான் காலத்தில் மிதவை, வளையம், பந்து ஒன்றும் கடலுக்குள் வேண்டாம். பந்து போனால் போகட்டும். அதைப் பிடிக்க நீந்திப் போகிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

வழிகாட்டியையும் வானையும் பேசுவது

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை உரிமம் கொடுக்கிற வழிகாட்டிகளில் வகைகள் உண்டு. நாடு முழுவதும் கூட்டிப்போகிற தேசிய வழிகாட்டி, வண்டியையும் ஓட்டிக்கொண்டு விளக்கமும் சொல்கிற சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஒரே ஓர் இடத்துக்கு உரியவர். குடும்பமாக நாலைந்து பேர் என்றால் கொழும்பிலிருந்தே சாரதி வழிகாட்டி ஒருவரோடு வருவது வசதி. ஆனால் கண்டி, சிகிரியா எல்லாம் தலைகீழாகச் சொல்கிறவருக்கு எங்கள் கடல் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரை ஒரு நாளுக்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தங்குகிற இடத்தில் கேட்டாலே ஆள் சொல்வார்கள். உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஆளைத் தெரிவுசெய்ய நான் வைத்திருக்கும் பரீட்சை ஒன்று. போனில், "புறாத்தீவுக்கு எத்தனை மணிக்குப் போகலாம்?" என்று கேளுங்கள். "எந்த நேரமும் போகலாம், பிரச்சினை இல்லை" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். "எத்தனை பேர், சின்னப் பிள்ளைகள் இருக்கா, வயசானவர்கள் இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காசு விஷயம். முன்பணம் கொடுக்குமுன் இவற்றைப் பேசி, போனிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நாள் ஒன்றுக்கு எத்தனை கிலோமீற்றர், எரிபொருள் உள்ளடக்கமா, சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, நுழைவுச்சீட்டும் படகும் தனியா. படகு எப்போதும் தனியாகத்தான் இருக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்: "நாங்கள் கேட்காமல் எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம்." ஒருமுறை நான் பேசிய வான்காரர் ஹபரணைக்குப் பக்கத்தில் மூன்று கடைகளில் நிறுத்தி, எங்கள் ஒரு பகலை அப்படியே விழுங்கிவிட்டார். மசாலாத் தோட்டம், மரச்சாமான் கடை, இரத்தினக்கல் கடை. கமிஷன் அவருக்கு, இருட்டில் வந்து சேர்ந்தது எங்களுக்கு.

இருட்டு என்று சும்மா சொல்லவில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு யானை வீதியைக் கடக்கும். பகலிலேயே அந்தப் பகுதியைத் தாண்டும்படி கொழும்பிலிருந்து காலை ஆறு மணிக்காவது புறப்படுங்கள். மொத்தம் 260 கிலோமீற்றர் அளவு. நிறுத்தங்களோடு ஆறேழு மணி நேரம். பஸ் என்றால் 49ஆம் இலக்கம். இரவு ரயிலும் உண்டு, கல்ஓயாவில் பிரிந்து வருகிற பாதை. அது ஓடுகிற நாட்களை முதலே விசாரியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி.

முதல் நாள்: நகரமும் கோயிலும்

மதியத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தால், குளித்துச் சாப்பிட்டு மூன்றரைவரை படுத்துவிடுங்கள். சாப்பாடு என்றதும் ஒன்று: சோறும் கறியும் கடைகளில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரைதான் நன்றாக இருக்கும். இரண்டு மணிக்குப் போனால் பருப்பும் மிச்சக் குழம்பும்தான். மீன்கறி, கணவாய், நண்டு எது அன்று வந்தது என்று கேட்டுச் சாப்பிடுங்கள், பட்டியலைப் பார்த்து அல்ல. வெள்ளிக்கிழமை பல தமிழ்க் கடைகளில் மரக்கறி மட்டும்.

நாலு மணிக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலில் தொடங்கலாம். உள்ளே நுழைந்தால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்குச் சிற்பமும் வர்ணமும். அரை மணி போதும். கோணேசர் கோயில் இருப்பது பழைய கோட்டைக்குள். அங்கிருந்து கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். வழியில் புள்ளிமான்கள் வீதியோரத்தில் மாடு மாதிரி நிற்கும். சாப்பாட்டுப் பொதியைப் பொலித்தீனோடு எறிந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது மானின் வயிற்றுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கொடுப்பதென்றால் வாழைப்பழத்தோல் கையால், அதோடு சரி.

கோட்டை வாசலில் எல்லாரும் தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசல் சுவரில் பதித்திருக்கும் கற்களில் இரட்டை மீன் சின்னத்தையும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துக்களையும் தேடிப் பாருங்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிடிப்பான் என்று தொடங்குகிற பழைய பாட்டின் துண்டு அது. 1622இல், சித்திரைப் புத்தாண்டு நாளில், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்தான் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அந்தக் கோயில் கல்லையே எடுத்துக் கட்டியதுதான் இந்தக் கோட்டை. பிறகு 1639இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்றிக் கோட்டை ஆனது ஆங்கிலேயர் காலத்தில்தான். உள்ளே இப்போதும் இராணுவம் இருக்கிறது. கோயில் வீதியில் படம் எடுக்கலாம், முகாம் பக்கம் போனைத் திருப்ப வேண்டாம்.

வாசலிலிருந்து மேலே ஒரு கிலோமீற்றர் அளவு ஏற்றம். முதியவர்கள் ஆட்டோவில் போகட்டும், மற்றவர்கள் நடக்கலாம், நிழல் உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை. கைப்பையை இறுகப் பிடியுங்கள், குரங்குக்கு அர்ச்சனைத் தட்டு எது, உங்கள் பிஸ்கட் எது என்று வித்தியாசம் தெரியாது.

சம்பந்தர் இந்த மலையைக் கோணமாமலை என்று பாடினார். அவர் பாடிய கோயில் இப்போது நீங்கள் பார்க்கிற கட்டிடம் அல்ல, அது கடலுக்குள்ளும் கோட்டைச் சுவருக்குள்ளும் போய்விட்டது. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் ஒளித்துவைத்திருந்த செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். வழிகாட்டி இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். எங்கள் ஊரில் மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் கோயில் கிடக்கிறது என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும்.

பூசை முடிந்ததும் பின்பக்கம் போனால் இராவணன் வெட்டு. தாய்க்காக மலையோடு பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளால் வெட்டிய பிளவு என்பது கதை. கீழே எட்டிப் பார்த்தால் கால் கூசும். கடல் அங்கே கரும்பச்சையாக வந்து மோதிப் பாலாகத் திரும்பும். விளிம்பில் நிற்கும் மரத்தைப் பாருங்கள். கொப்பு முழுக்கச் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் விரலளவு துணிப் பொம்மை, காற்றுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஆடும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. நான் கூட்டிப்போன எத்தனையோ பேர் இராவணனை மறந்துவிட்டார்கள், அந்தத் தொட்டில்களை மறக்கவில்லை.

இதே பாறைக்கு இன்னொரு கதையும் உண்டு. காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண் இங்கிருந்து குதித்தாள் என்பார்கள். ஆனால் அந்தப் பெண் பிறகு வேறொருவரை மணந்து வாழ்ந்தது ஆவணத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற வழிகாட்டி நல்ல வழிகாட்டி.

இரண்டாம் நாள்: கடல்

அலாரம் ஐந்து மணிக்கு. இதில் சலுகை இல்லை.

நிலாவெளிக் கரையில் ஆறு மணிக்கு இறங்கினால், அதிர்ஷ்டம் இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு அந்தத்திலும் ஆட்கள் நின்று, கயிற்றை இடுப்புக்குக் குறுக்கே போட்டு, பின்பக்கமாக நடந்து நடந்து இழுப்பார்கள். குதிகால் மணலில் புதைந்து புதைந்து வரிசையாகக் குழி விழும். கடைசியில் மடி கரைக்கு வரும்போது சூடை மீனும் கீரி மீனும் வெள்ளிக்காசு கொட்டினது மாதிரித் துள்ளும். கிட்டப் போகலாம், கேட்டால் கயிற்றையும் பிடிக்கலாம். வலையை மிதிக்காதீர்கள், நடுவில் நின்று செல்பி எடுக்காதீர்கள். அது அவர்களுடைய அன்றைய வருமானம்.

புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான். பெரிய தீவு ஒன்று, சின்னது ஒன்று. பெயர் அங்கே அடைகிற மாடப்புறாக்களால் வந்தது. 2003இலிருந்து தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் கட்டணம் உண்டு. படகுக்கூலி அது போக. உள்ளூராருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம். இலங்கை அடையாள அட்டை வைத்திருக்கிற வெளிநாட்டுச் சொந்தங்கள் அதைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வந்து கவுண்டரில் வாதாடுவதை நான் பலதடவை பார்த்திருக்கிறேன். கையில் கொண்டுவாருங்கள். சீட்டுக் கொடுக்கத் தொடங்கும்போதே வரிசையில் நின்றால் முதல் படகுகளில் போய்விடலாம்.

படகேறுமுன் லைஃப் ஜக்கெட்டின் பட்டியைப் பூட்டிப் பாருங்கள். பூட்டு உடைந்திருந்தால் வேறு கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பிள்ளை அளவுதான் வேண்டும். பெரியவருடையதைப் போட்டால் தண்ணீரில் பிள்ளை கீழே, ஜக்கெட் மேலே. போன், காசு எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் போடுங்கள் (மாமாவை நினைத்துக்கொள்ளுங்கள்). தீவுக்குப் பொலித்தீன் கொண்டுபோக வேண்டாம்.

தீவில் இறங்கியதும் எல்லாரும் முதல் கரையிலேயே விழுந்துவிடுவார்கள். முருகைக்கல்லும் (பவளப்பாறை) மீனும் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று படகுக்காரரைக் கேட்டு, ஆள் குறைந்த பக்கத்துக்கு நடந்து போங்கள். நீந்தத் தெரியாதவர்களும் முழங்கால் அளவுத் தண்ணீரில் முகமூடியைப் போட்டுக் குனிந்தால் போதும், கிளி நிற மீன்கள் வரும். செட்டை நுனியில் கறுப்புத் தீற்றல் உள்ள சிறிய சுறாக்களும் அங்கே உண்டு. மனிதரைக் கண்டால் அவைதான் ஓடும். துரத்தினால் ஒன்றும் தெரியாது. அசையாமல் மிதந்தால் வட்டம் போட்டுத் திரும்பி வரும். கால் நோகிறது என்று முருகைக்கல்லில் ஏறி நிற்காதீர்கள். அது கல் அல்ல, உயிர். உடைந்தால் உங்கள் பேரப்பிள்ளை காலத்தில்தான் திரும்ப வளரும். உங்கள் காலையும் கிழிக்கும்.

பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

திமிங்கிலம் பார்க்க ஆசை என்றால் அதற்கு வேறொரு காலை வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் வரும். துறைமுக வாயிலுக்குக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால், வேறு ஊர்களைப்போல வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனாலும் மூன்று நாலு மணி நேரம் திறந்த படகில் வெயில். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணிக்கு முன் போடுங்கள், ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. "கட்டாயம் காட்டுவேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான் போன ஆறு தடவையில் இரண்டு தடவை வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

பகல் முழுக்கத் தூக்கம். நாலு மணிக்கு உப்புவெளியில் நிலாவெளி வீதியோரமுள்ள பொதுநலவாயப் போர் மயானத்துக்குப் போங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் குண்டுபோட்டுத் தாக்கின. அதே நாளில்தான் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. மயானத்தில் புல் வெட்டி, கல் துடைத்து அவ்வளவு ஒழுங்கு. வயதுகளை வாசித்துக்கொண்டு போங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று பொடியன்களின் வயதுதான் வரும். பிறகு உப்புவெளிக் கடற்கரை, ஒரு பிளேன்டீ, வடை.

மூன்றாம் நாள்: தெற்குப் பக்கம்

இது வானில் போகிற நாள், ஆகையால் எட்டு மணிக்குப் புறப்படலாம். சீனன்குடாவைத் தாண்டும்போது காட்டுக்குள் உருளை உருளையாக எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். ஆங்கிலேயர் கட்டியவை, 99 தாங்கி என்பது ஊர்ப் பேச்சு வழக்கு. 1942 தாக்குதலில் ஒரு விமானம் தாங்கி ஒன்றின்மேல் விழுந்து எரிந்தது. வீதியிலிருந்து பார்ப்பதோடு சரி, உள்ளே விடமாட்டார்கள்.

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். அதற்கு முன் இங்கே பாதைதான். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு: பாதை என்றால் வழி அல்ல, வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. மூதூருக்குப் போய்ச் சேர்வதற்குள் இப்படி இன்னும் பல துறைகள். என் அப்பா காலையில் சைக்கிளோடு பாதையில் ஏறினால் மத்தியானம்தான் மூதூரில் இறங்குவாராம். நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவீர்கள். பாலத்தின் தலைப்பில் வானை நிறுத்தி (பாலத்தின்மேல் அல்ல) இரண்டு பக்கத்தையும் பாருங்கள். காலையில் சிறு தோணிகளில் வீச்சுவலை வீசிக்கொண்டிருப்பார்கள். கிண்ணியாவில் ஒரு பராட்டாவும் மாட்டுக்கறியும், சாப்பிடாதவர்களுக்குப் பருப்புக்கறியும். மதிய தொழுகை நேரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், கடைகள் பூட்டியிருக்கும். கணக்கில் வையுங்கள்.

மூதூரில் பார்ப்பதற்குக் கட்டிடம் என்று பெரிதாக இல்லை. கதைதான் இருக்கிறது. பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்பற்றலைவனையும் அவர் மகன் றொபர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன் 19 வருடம் கண்டி இராச்சியத்துக்குள் சிறை இருந்து 1679இல் தப்பினார். 1681இல் அவர் எழுதிய நூல்தான் அந்தக் கால இலங்கைச் சனங்களின் வாழ்க்கையை ஐரோப்பாவுக்குச் சொன்னது. அவர்கள் பிடிபட்ட இடம் என்று சொல்கிற புளியமரம் இப்போது இல்லை. ஆனாலும் குடாவின் கரையில் நின்று, எதிரே தெரிகிற கோணேசர் மலையைப் பார்த்துக்கொண்டு இதைக் கேட்பது ஒரு தனிச் சுகம்.

நேரமும் தென்பும் இருந்தால் இன்னும் தெற்கே சேருவில தூபி, வெருகல் ஆற்றங்கரையில் சித்திரவேலாயுதர் கோயில். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் பிள்ளைகள் அழுவார்கள். ஒன்றைத் தெரிவுசெய்து, திரும்பும் வழியில் நாலு மணிக்கு மார்பிள் கடற்கரையில் இறங்குங்கள். விமானப்படை பராமரிக்கிற இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. துறைமுகக் குடாவின் உட்பக்கம் என்பதால் அலை இல்லை. நீந்தத் தெரியாதவர்களும் பயமில்லாமல் நனையக்கூடிய கடல் எங்கள் பக்கத்தில் இதுதான்.

வடக்குப் பக்கம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஐந்து நாள் இருந்தால் சேருங்கள். நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டி, குச்சவெளி, அதற்கப்பால் திரியாய் மலையில் பழைய வட்டத்தாகோபம். புத்தரின் கேசத்தைக் கொண்டுவந்த இரண்டு வணிகர்களின் பெயர் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. இன்னும் போனால் புல்மோட்டைக்குப் பக்கத்தில் அரிசிமலை. கையில் அள்ளினால் மணல் உண்மையாகவே குறுணி அரிசி மாதிரித்தான் இருக்கும். கடை கண்ணி குறைவு, சாப்பாடும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி நாள்: கன்னியாவும் திரும்பும் வழியும்

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஆறரைக்குள் போங்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் இடுப்பளவு ஆழம், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். இறங்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க வேண்டும். சவர்க்காரம் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு சுடுதண்ணீரில் குளிப்பதில் என்ன சுகம்? தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் ஏழு இடத்தில் வாளால் குத்தி வரவழைத்த தண்ணீர் என்பது ஐதீகம். அதனால்தான் இன்றும் அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருவார்கள். ஒரு பக்கம் உல்லாசமாகக் குளிக்கிறவர்கள், பக்கத்தில் ஈரத்தலையோடு நிற்கிற ஒரு குடும்பம். சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், கமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

இங்கிருந்து இன்னும் சிறிது தூரத்தில், பெரியகுளத்துக்குப் பக்கத்தில், பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. சிங்களத்தில் வெல்கம் விகாரை, ஊர்த் தமிழில் நாதனார் கோயில். சோழர் ஆட்சியில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்த விகாரைதான், ஆனால் கல்வெட்டுக்கள் தமிழில். விளக்கெரிக்கவும் அதற்கு நெய் எடுக்கப் பசு விடவும் ஆட்கள் கொடுத்த தானங்கள் அதில் இருக்கின்றன. மதிய வெயிலுக்கு முன் போய், அந்த எழுத்தை விரலால் தொடாமல் கண்ணால் தடவிப் பாருங்கள். ஒன்றிரண்டு எழுத்து உங்களுக்கே பிடிபடும். எங்கள் மாவட்டத்தில் ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று கதை இருக்கும், சண்டையும் இருக்கும். வழிகாட்டி ஒரு கதையை மட்டும் அடித்துச் சொன்னால், இந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, "அப்ப இது யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில் சுவாரசியமாக இருக்கும்.

வவுனியாப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த வீதியே வழி. கொழும்புக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து கந்தளாய் வீதியைப் பிடிக்க வேண்டும். வழியில் தம்பலகாமம், கோணேசர் கோயில் இடிபட்ட பிறகு சுவாமியை வைத்து வழிபட்ட ஆதிகோணநாயகர் கோயில் அங்கேதான், வயல் நடுவே. முதல் நாள் மலையில் தொடங்கிய கதையின் மீதி அங்கே கிடைக்கும், அரை மணி ஒதுக்குங்கள். நடை சாத்துமுன், பதினொன்றுக்குள் போவது நல்லது.

அப்புறம் கந்தளாய்க் குளத்தைத் தாண்டும்போது வீதியோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருக்கும். வாங்குவதென்றால் சட்டியைச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு நழுவினால் வேண்டாம், அசையாமல் நின்றால் அன்றைய தயிர். வானின் பின்பக்கத்தில் பெட்டிகளோடு வைக்க வேண்டாம். யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். தயிரோடு விட்டுச் சாப்பிடுகிற கித்துள் பாணியைக் கொழும்பில் வாங்கிக்கொள்ளலாம்.